நூற்றைம்பது ஓம்

விளக்கின் முதுகில் நான்கு திருகு.
ஒன்று துருவேறி வர மறுத்தது.
ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு
சமையல் கத்தியின் முனையால் திருப்பினேன்.
நமகாவு பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவளுடைய கத்தி.
ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்றும் சொல்லாமல் பதினோரு நாள்.

கிட்வேயில் இப்போதெல்லாம் மின்சாரம்
நள்ளிரவு தாண்டி வரும்,
இஸ்திரிப்பெட்டி சுடுமுன் போய்விடும்.
காரிபாவில் தண்ணீர் இல்லையாம்.
வானொலியில் அதைச் சொன்னவருக்கும்
தொண்டை வறண்டிருந்தது.

இப்படிப்பட்ட ஊரில் குளிர்பெட்டி எதற்கென்று
விற்றேன்.
கேட்காமல் விற்றேன்.
பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள்
சிவப்புச் சாற்றை உறையில் கட்டி
உறையவைத்து விற்ற பெட்டி.
ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவள்
மெழுகு ஏறாத சதுரத் தரையையே
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு காலணியைக் கழற்றினாள்.

அன்றிலிருந்து எங்களுக்காகப் பேசியது
இந்த விளக்குதான்.
இரண்டு சிறு குழல்கள்,
முனை கறுத்துப் புகைபிடித்தவன் பல்போல்.
போட்டதும் ஓர் இரைச்சல் எழும்,
பாட்டிலில் அடைத்த வண்டுபோல,
மேசையின் மூன்றாம் ஆள்போல.
முப்பத்தைந்து நிமிடம்.
அப்புறம் மஞ்சளாகி, சிவந்து, அணையும்.
அணைந்தால் படுக்கலாம்.
சண்டைக்காரர்களுக்கு அது எவ்வளவு வசதி!

வியாழனன்று குழல் இரண்டும் போயின.

சிசோக்கோனே சந்தையில் சிக்கும்பியின் கடை.
எட்டு எல்.இ.டி, எட்டு மின்தடை.
பழுப்பு, பச்சை, பழுப்பு:
நூற்றைம்பது ஓம்.
ஆளுக்கொன்று வை, என்றான்,
எட்டுக்கும் சேர்த்து ஒன்று என்று கஞ்சம் பிடிக்காதே.
பேட்டரி தருவது ஆறு வோல்ட்.
இது கேட்பது மூன்றும் கொஞ்சமும்.
மிச்சத்தை வழியில் நின்று ஒருவர் விழுங்க வேண்டும்.
விழுங்குகிறவர் சூடாவார்.

வரும் வழியெல்லாம்
மின்தடையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்
என்று சொன்னால் பொய்.

குழலுக்கு உயிர் கொடுத்த பச்சைப் பலகையைப் பெயர்த்தேன்.
அதில் ஒரு செம்புச் சுருள், கட்டைவிரல் பருமன்.
சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தவன்
செம்பை எறிய மாட்டான்.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
கரியடுப்பில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி
ஈயம் தொட்டு ஒட்டினேன்.
நீளக் கால் நேர்முனைக்கு.
நீளக் கால் நேர்முனைக்கு.
சொல்லிக்கொண்டேதான் ஒட்டினேன்.

ஏழு மணிக்குப் போட்டேன்.

வெளிச்சம் வந்தது. சத்தம் வரவில்லை.

அவள் கஞ்சியை விழுங்குவது கேட்டது.
என் கரண்டி தட்டில் மோதுவது
ஊரையே கூட்டுவதுபோல் கேட்டது.
எல்.இ.டிக்குப் பக்கவாட்டில் பார்க்கத் தெரியாது;
நேராக அவள் முகத்தில் அடித்தது.
இடது கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம்.
எத்தனை நாளாக அது?
முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று.
அணையவில்லை.
ஒரு மணி.
ஒன்றரை.
கொட்டாவி விட்டுப் பார்த்தேன்.
விளக்குக்குக் கொட்டாவி தொற்றவில்லை.

எழுந்தாள்.
காலி மஹேயு பாட்டிலை எடுத்து,
தன் கத்தியால் அடியை அறுத்து,
விளக்கின்மேல் கவிழ்த்தாள்.
கூசிய வெள்ளை பால்போல் பரவியது.

"எவ்வளவுக்கு?"

மூவாயிரத்து இருநூறு குவாச்சா, என்றேன்.

வெகுநேரம் பேசவில்லை. பிறகு,
"நான் மூவாயிரத்து அறுநூறு பேசிவைத்திருந்தேன்,
அடுத்த தெரு கசோன்டேயிடம்.
திங்கட்கிழமை உன்னிடம் சொல்ல இருந்தேன்."

நானூறு குவாச்சா
எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தது.
நான்தான் முதலில் சிரித்தேன். தப்பு.
அவள் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பினாள்.
தோள் மட்டும் குலுங்கியது;
அது எது என்று இன்னும் எனக்குத் தெரியாது.

"ஒன்று எரியவில்லை" என்றாள், திரும்பாமலே.

எண்ணினேன். ஏழு.
எட்டாவது, காலை மாற்றி வைத்தது.
மற்ற ஏழும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

நாளைக்குப் பார்க்கலாம், என்றேன்.
"கரி இன்னும் கனிந்துதான் இருக்கிறது."

விளக்கை அணைத்தேன்.
இருட்டில் நான்கு திருகையும் தடவிக் கழற்றினேன்.
அவள் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தாள்.
ஆடாமல் பிடி, என்றேன்.

"ஆடுவது உன் கை."